என் பிள்ளைக்கு டகரத்தில் பெயர் வேண்டாம்

பிள்ளை பிறந்து இன்றைக்கு 26 நாள். 31ஆம் நாள் துடக்குக் கழிவு, தீட்டுக் கழிக்கிற சடங்கு. இன்னும் பெயர் வைத்தபாடில்லை. பெயருக்குப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். குடும்ப வட்ஸ்அப்பில் நேற்றிரவு பால் கொடுத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன், 41 பெயர் வந்து கிடக்கிறது. லண்டனில் இருக்கிற இவருடைய அண்ணன் மட்டும் 12 அனுப்பியிருக்கிறார். அந்த 41இல் ஒன்றுகூட நான் சொன்னது இல்லை.

வைகாசியில், கிழக்கிலங்கையின் தம்பிலுவில் ஊரில் கண்ணகை அம்மனுக்குக் கோயில் கதவு திறக்கிற கிழமையில் பிறந்தாள். நட்சத்திரம் ஆயிலியம். ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முதலே கேட்டது பிறந்த நேரத்தைத்தான். அடுத்த நாளே சாத்திரியாரிடம் போய் எழுத்து வாங்கி வந்துவிட்டார். டி, டு, டே, டோ. இந்த நாலில் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டுமாம்.

யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? தமிழில் எந்தச் சொல்லும் டகரத்தில் தொடங்காது. மொழிக்கு முதலில் வராத எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அப்படியென்றால் ஆயிலியத்தில் பிறந்த பிள்ளைக்குத் தமிழில் பெயரே கிடையாது என்றல்லவா ஆகிறது! வடமொழி ஒலிகளை வைத்துப் போட்ட அட்டவணையைக் கொண்டுவந்து என் பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள். டிலக்ஷிகா, டினுக்ஷா, டேனுஜா, டோஷிகா என்று வரிசையாக வருகிறது. இதற்கெல்லாம் என்ன கருத்து என்று மச்சாளிடம் கேட்டேன். "கருத்து என்னத்துக்கு, ஸ்டைலா இருக்குத்தானே" என்றாள். காலம் முழுக்க அந்தப் பெயரைச் சுமக்கப்போவது அவளா?

எனக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. என் பெயருக்குள்ளும் ஒரு 'க்ஷ' இருக்கிறது, சின்ன மாமி ஆசைப்பட்டு வைத்தது. அதை ஆங்கிலத்தில் பிறப்புச் சாட்சிப்பத்திர மொழிபெயர்ப்பில் கே எஸ் எச் என்று எழுதியிருக்கிறார்கள், அடையாள அட்டையில் எக்ஸ், ஓ எல் பரீட்சைச் சான்றிதழில் எக்ஸுக்குப் பின்னால் ஒரு எஸ். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்துத்தான் கடவுச்சீட்டு எடுத்தேன். அந்த அலைச்சலும் செலவும் யாருக்கு நினைவிருக்கிறது? எனக்கு இருக்கிறது. என் பிள்ளை எந்தக் கந்தோர் வாசலிலும் தன் பெயருக்காக நிற்கக்கூடாது.

அதற்கு மேலே இன்னொன்று. "ஆயிலியம், மாமியாருக்கு ஆகாது" என்று வருகிற போகிற எல்லோரும் சொல்கிறார்கள். ஏணைக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். தொப்புள் விழுந்த காயம்கூடச் சரியாக ஆறவில்லை, அதற்குள் என்றைக்கோ வரப்போகிற ஒரு மாமியாருக்கு இவள் குற்றவாளி. பெற்ற வயிறு எரிகிறது எனக்கு.

ஏழாம் மாதத்தில் கால் வீங்கிப் படுக்க முடியாமல் விடியப்புறத்தில் எழும்பிக் குளக்கட்டில் நடப்பேன். தண்ணீர் தெரியாமல் அல்லி விரிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கூம்பும். அங்கே நிற்கும்போதுதான் பிள்ளை பலமாக உதைக்கும். பெண்பிள்ளை என்றால் அல்லி என்று இவரிடம் அப்போதே சொன்னேன். "நல்ல பேர்" என்றார். அதே மனிதர் இப்போது தாய்க்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"அல்லியா? வீட்டுல அல்லி ராச்சியம் நடத்தவா?" என்றார் மாமி. நடத்தட்டுமே! ஒருத்தருக்கும் அடங்காமல் மதுரையைத் தனியாக ஆண்டவள் என்றுதானே அல்லி அரசாணி கதையில் வருகிறாள். அது எப்படி ஏச்சானது?

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நான் இருக்கிற வீடு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா அதை எனக்குச் சீதனமாக எழுதிவிட்டுப் பின்வளவில் சின்ன வீட்டில் இருக்கிறார். இவர் என்னைக் கலியாணம் கட்டிவந்த வீடு இது. என்ன குடி, அதாவது எந்தக் குலவழி என்று யாரும் கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்கிறோம். வயிற்றுவார் என்று பெற்ற வயிற்றை வைத்துத்தான் வழி எண்ணுகிறோம். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் முறைகூட அந்த வழியில்தான் இறங்கி வந்தது. வீடும் குடியும் கோயில் உரிமையும் என் வயிற்று வழியாக என் மகளுக்குப் போகலாம், பெயர் மட்டும் போகக்கூடாதா?

எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன். அம்மம்மா ஒருத்திதான் என்னிடம் கேட்டார். அவருக்குக் கண்ணகை என்று வைக்க ஆசை, அம்மன் வாசல் திறந்த கிழமை பிறந்தவள் அல்லவா. ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சுகிற சரக்குக் கறியும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உனக்கு என்ன விருப்பம் மகள்?" என்றார். சொன்னேன். இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அல்லியும் நல்லாத்தான் இருக்கு. மறுகா என்ன, வை" என்றார். 82 வயது அவருக்கு.

இப்போது சமாதானம் பேசுகிறார்கள். பதிவில் டிலக்ஷிகா, வீட்டில் அல்லி என்று கூப்பிடலாமாம். வேண்டாம். பள்ளிக்கூட இடாப்பில் வாசிக்கிறதும் பிற்காலத்தில் கல்யாண எழுத்தில் எழுதுகிறதும் பதிவுப் பெயர்தான். என் பிள்ளையின் பெயர் அடுப்படிக்குள் ஒளித்துக் கூப்பிடுகிற பெயராக இருக்கக்கூடாது.

இவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், வாசிப்பார். 31ஆம் நாள் எல்லோரும் சுற்றி இருக்கும்போது பெயர் என்ன என்று கேட்பார்கள். அப்போதாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். பிறப்புப் பதிய 3 மாதம் வரை இருக்கிறது, அந்தப் படிவத்தில் தாய் கையெழுத்து வைத்தாலும் செல்லும். விசாரித்துவிட்டேன்.