குறைக்கச் சொன்னது சர்க்கரையை, ருசியை அல்ல

சுகர், கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, அந்த ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல். உப்பு உறைப்பு இல்லாத கூட்டு, தாளிக்காத ரசம், வேகவைத்த காய். கேட்டால் பத்தியம். எத்தனை நாளைக்கு ஒரு மனுஷர் அதைச் சாப்பிடுவார்? ராத்திரி எழுந்து ஃப்ரிட்ஜில் மைசூர்பாகைத் தேடினால், "வாயைக் கட்டத் தெரியலை" என்று அவரையே திட்டுகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே கோபம். டாக்டர் குறைக்கச் சொன்னது சர்க்கரையையும் எண்ணெயையும்தான். ருசியைக் குறைக்கச் சொல்லி யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சுமார் 40 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சுமார் 16. கறிவேப்பிலை, பெருங்காயம், சீரகம், மிளகு, இஞ்சி, மல்லித்தழை, எலுமிச்சை, இதெல்லாம் நாம் போடுகிற அளவில் கணக்கிலேயே வராது. ஆனால் சாப்பாட்டைத் தூக்கி நிறுத்துவது இவைதான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான்.

தாளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கான ரசத்துக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். பெரிய வாணலியில் ஊற்றினால் அது பரவித் தீய்ந்துவிடும், அதனால்தான் கை தானாக இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டியில் ஊற்றி, லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய் ஒரு பக்கமாகச் சேரும். அதில் கடுகு வெடித்ததும் சீரகம், கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. சடசடப்பு அடங்குமுன் ரசத்தில் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். பெருங்காயத்தின் வாசனை நீரைவிட எண்ணெயில் நன்றாக இறங்கும், திறந்து வைத்தால் ஆவியோடு போய்விடும். மூடி போடுவதற்கு ஒரு கலோரியும் செலவில்லை. பொரியலுக்குத் தேங்காய் பாதியானால், வெறும் வாணலியில் வறுத்து இடித்த மிளகு சீரகப் பொடியைத் தூவுங்கள். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை. பீன்ஸுக்கும் கோஸுக்கும் பிரமாதமாகச் சேரும்.

குடிக்கிற விஷயத்தில்தான் நாம் மோசம் போகிறோம். வழக்கமான கோலா 300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஏழெட்டு டீஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியாகிவிட்டது. ஜில்லென்று இருக்கும்போது இனிப்பு நாக்கில் குறைவாகத்தான் தெரியும். அதே கோலாவை ஜில்லிப்பு போன பிறகு குடித்துப் பாருங்கள், திகட்டும்.

இதற்கு மாற்றாக நன்னாரியைச் சொல்வேன். பாட்டில் சர்பத்தை அல்ல, அது முக்கால்வாசி சர்க்கரைப் பாகு. நாட்டு மருந்துக் கடையில் வேராகக் கிடைக்கும். கழுவி, லேசாகத் தட்டி, நடுவில் இருக்கும் வெளிறிய தண்டை உருவி எறிந்துவிடுங்கள். மணம் முழுக்க மேல்தோலில்தான். சுடுதண்ணீர் ஊற்றி மூடி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் வடிகட்டி எலுமிச்சை பிழிந்தால் போதும். அதன் மணத்துக்குக் காரணமான மூலக்கூறு, வெனிலாவில் இருக்கும் வெனிலினுக்கு நெருங்கிய உறவு. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. அந்த வாசனையை இனிப்போடு சேர்த்தே பழகிய மூக்கு நமக்கு. அதனால் சர்க்கரை போடாமலே லேசாகத் தித்திப்பது போல இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா சாயங்காலக் கலர் பாட்டிலை விட்டது இதனால்தான்.

நீர்மோரும் அப்படியே. 50 மில்லி தயிருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கிள்ளிய கறிவேப்பிலை, துளி பெருங்காயம். மொத்தமே 30 கலோரி சொச்சம்.

"கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், தயவுசெய்து நிறுத்துங்கள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம் எதுவானாலும் கலோரி ஏறக்குறைய வெள்ளைச் சர்க்கரை அளவுதான். மணம் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன். அந்த மணத்துக்காகக் கொஞ்சமாகப் போட்டால் சரி. மருந்து என்று நம்பி இரண்டு மடங்கு போடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செயற்கை இனிப்பூட்டி மாத்திரைகளை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை இல்லை, அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். என் குறை வேறு. மாத்திரை போட்ட காபி அதே தித்திப்பில்தான் நாக்கை வைத்திருக்கிறது. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு டீயில் சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்து வந்தால், நாக்கே பழகிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. ருசி குறைகிறதே என்று உப்பிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் ஈடுகட்டாதீர்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். புளிப்பு ஏறினால் உப்பு குறைந்தது தெரியாது. அதனால் முதலில் எலுமிச்சையைப் பிழிந்து ருசி பாருங்கள். அப்புறமும் வேண்டியிருந்தால் உப்பு ஜாடியைத் திறக்கலாம்.