தத்துவம் படிக்கிறேன் என்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்

என் அண்ணனுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். "அதைப் படிச்சா யாரு வேலை தருவா?" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நான் அவள் பக்கம்.

வேலைக் கேள்வி நியாயமானதுதான், மழுப்பக் கூடாது. நம் பள்ளிகளில் தத்துவம் தனிப் பாடமாக இல்லை, அதனால் பி.எட். முடித்து டீச்சராகும் வழி இதில் கிடையாது. கல்லூரி வேலை என்றால் எம்.ஏ., நெட் என்கிற தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று வருடங்கள் ஓடும். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் 500 மதிப்பெண்ணுக்கு விருப்பப் பாடமாக எடுக்கலாம். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கும் போகலாம். வாதம் செய்யப் பழகியவர்களுக்கு அது நல்ல வழி.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பதை. மன அமைதிக்காகத் தத்துவம் படிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் வாதம். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். அவர் காட்டும் உதாரணம் இது: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. இவ்வளவு சுத்தமான வாதத்திலும் எங்கே வழுக்கும் என்று பட்டியலே போடுகிறார். ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது அதில் ஒரு பிழை. மழைக்காலக் காலையில் அஸ்தம்பட்டிப் பக்கமிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அண்ணன் மகளிடம் இதைச் சொல்லி, பக்கத்தில் போய்ப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றேன். "சரி அத்தை, பக்கத்துல போய்ப் பார்த்தா சந்தேகம் தீர்ந்துடும்னு எப்படிச் சொல்றீங்க? கண்ணும் ஏமாத்தும்ல?" என்றாள். எனக்கு அது போதும். இப்படிக் கேட்கிற பிள்ளையை பி.காம். வகுப்பில் உட்கார வைத்தால் படித்துவிடுவாள், ஆனால் அவள் மனசு அங்கே இருக்காது.

எந்தப் பட்டம் முடித்தாலும் பல பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. தத்துவம் சேரலாம், அதுவரை பொறுக்கலாமே என்று அண்ணி கேட்டார். தயங்குகிற பிள்ளைக்கு அது நல்ல யோசனை. இவள் தயங்கவில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் இருக்கிறது, ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததும் அந்தக் கல்லூரியில்தான். அண்ணனுக்கு இப்போது மீதியிருப்பது ஹாஸ்டல் செலவுக் கவலைதான். அதில் பாதி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பம் போடட்டும்.