டொனால்டுக்குப் புளிக்குழம்பு

(பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு. ராத்திரி ஒன்பது மணி. வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு ஏழு ப்ளவுஸ் தைக்க வேண்டும்; நாலு முடிந்திருக்கிறது. கோமதி மெஷினில். பரமசிவம் நோட்டும் பேனாவுமாகக் கட்டிலில். பகலில் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவர், ராத்திரியில் நாவலாசிரியர்.)

பரமசிவம்: கேள். "வருஷம் 2084. வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் மேலே ஒரு ட்ரோன் வட்டமிட்டது. மாபெரும் தலைவரின் கண்கள்..."

கோமதி: துணி காயப்போட முடியாதே.

பரமசிவம்: என்ன?

கோமதி: கூரைக்கு மேலே அது சுற்றிக்கொண்டே இருந்தால் மொட்டை மாடியில் கொடி எப்படிக் கட்டுவது? சரி, மேலே படியுங்கள்.

பரமசிவம்: இது அரசியல் த்ரில்லர், கோமதி. எதிர்காலத்தில் ஒரு கொடுங்கோல் ஆட்சி. கொள்கையால் உடைந்துபோன ஒரு குடும்பம். அண்ணன் ரகசியப் போலீஸ் அதிகாரி. தம்பி புரட்சிக்காரன்.

கோமதி: நடுவில் ஒரு அம்மா.

பரமசிவம்: உனக்கு எப்படித் தெரியும்?

கோமதி: கடைசியில் குண்டு யார் மேல் பாய்கிறது?

பரமசிவம்: (தயங்கி) அம்மா மேல்தான்.

கோமதி: பிள்ளைகள் சின்ன வயதில் சேர்ந்து பாடின பாட்டு?

பரமசிவம்: எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது.

கோமதி: (நூலைப் பல்லால் கடித்து) அவ்வளவு தூரம் 2084-க்குப் போய் இறங்கியும் அதே டூரிங் டாக்கீஸ்தானா? அது போகட்டும், குடும்பம் எதனால் உடைந்தது என்றீர்கள்?

பரமசிவம்: கொள்கை. சித்தாந்தம்.

கோமதி: குடும்பம் உடைய அதெல்லாம் எதற்கு? போன மாசம் ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயரையே விட்டுவிட்டீர்களே. அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

பரமசிவம்: அது டைப் அடித்த பையன் விட்டது! சித்தாந்தத்தால் உடைந்த குடும்பத்தை நீ பார்த்ததில்லை, அதனால் பேசுகிறாய். எங்கள் வீட்டிலேயே 1967 தேர்தலில் தாத்தா காங்கிரஸ், பெரியப்பா கழகம். ஒரே வெளிச்சுவர். தாத்தா தன் பாதியில் இரட்டைக் காளை வரைந்தார். பெரியப்பா தன் பாதியில் உதயசூரியன். ஒரு மாசம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

கோமதி: அப்புறம்?

பரமசிவம்: ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் காளையையும் காணோம், சூரியனையும் காணோம். பாட்டி சுவர் முழுக்க வரட்டி தட்டியிருந்தாள். தெற்கு வெயில் அந்தச் சுவரில்தான் விழுமாம்.

கோமதி: இதை எழுதுங்களேன்.

பரமசிவம்: இதில் த்ரில் எங்கே இருக்கிறது? இந்த வகைக்கெல்லாம் மூலம் எது தெரியுமா? 1949-இல் வந்த '1984' நாவல், ஜார்ஜ் ஆர்வெல் எழுதினது. அதில் பார்சன்ஸ் என்று ஒருத்தன், கட்சி விசுவாசி. தூக்கத்தில் 'தலைவர் ஒழிக' என்று உளறிவிடுகிறான். அவன் மகள், ஏழு வயசு, சாவித் துவாரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறுநாளே போய்ச் சொல்லிவிடுகிறாள். இவனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு என்ன சொல்கிறான் தெரியுமா? மகளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்கிறான்.

கோமதி: பெற்ற அப்பன்கள் எல்லாரும் அப்படித்தான். கணக்கில் இருபத்தெட்டு வாங்கி வந்த பையனை, 'கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது' என்றவர்தானே நீங்கள்?

பரமசிவம்: அது கதை. நிஜத்திலும் நடந்திருக்கிறது. சோவியத் நாட்டில் கெராசிமோவ்கா என்று ஒரு கிராமம். பாவ்லிக் மொரோசொவ் என்று ஒரு பையன். பெற்ற அப்பாவையே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தானாம். 1932-இல் அவனைச் சொந்தக்காரர்களே கொன்றுவிட்டார்கள் என்று அரசாங்கம் சொன்னது. சொன்னதோடு விடவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் அவன்தான் முன்மாதிரி. 1948-இல் மாஸ்கோவில் சிலையே வைத்தார்கள்.

கோமதி: அப்பாவை மாட்டிவிட்டதற்கு!

பரமசிவம்: 1991-இல் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்தவர்கள், அந்தக் கதையில் நிறைய இட்டுக்கட்டினது என்கிறார்கள்.

கோமதி: இட்டுக்கட்டின கதைக்குச் சிலை வைப்பார்கள் என்றால் உங்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் பையன் சிலையெல்லாம் கேட்பதில்லை. இரண்டு பரோட்டா போதும் அவனுக்கு.

பரமசிவம்: (நிமிர்ந்து) என்ன சொன்னான்?

கோமதி: யாரு? ஒன்றும் சொல்லவில்லை. படியுங்கள்.

(பரமசிவம் படிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் பீடிக் கட்டு வைத்த இடத்தை மனசுக்குள் ஒருமுறை சரிபார்க்கிறார். அப்புறம் நோட்டில் வேறொரு பக்கத்தைத் திருப்புகிறார்.)

பரமசிவம்: சரி. ட்ரோன் வேண்டாம். கதையைக் கிழக்கு ஜெர்மனியில் வைத்துவிடுகிறேன். நூலகத்தில் உட்கார்ந்து நாலு நாள் குறிப்பு எடுத்திருக்கிறேன். அங்கே ஸ்டாசி என்று ரகசியப் போலீஸ். 1989-இல் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 91,000 பேர். அதுபோக, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், வாத்தியார், டாக்டர்...

கோமதி: டெய்லர்?

பரமசிவம்: இருந்திருப்பார்கள்.

கோமதி: இல்லாமல் இருக்க மாட்டார்கள். அளவெடுக்க வருகிறவள் சொல்லாத சமாசாரம் உண்டா? சொல்லாவிட்டாலும் டேப் சொல்லிவிடும். மாமியாரிடம் இன்னும் சொல்லாதவள், 'அக்கா, இடுப்பில் இரண்டு இஞ்ச் தையல் விட்டு வையுங்கள்' என்பாள். எனக்குத் தெரிந்துவிடும்.

பரமசிவம்: (எழுதிக்கொள்கிறார்) இன்னொன்று கேள். சந்தேகப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து விசாரிப்பார்கள். அவன் உட்காரும் இடத்தில் ஒரு துணி. அவன் போனதும் அந்தத் துணியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

கோமதி: எதற்கு?

பரமசிவம்: வாசனைக்கு. நாளைக்கு எங்காவது துண்டுப் பிரசுரம் கிடைத்தால், நாயை விட்டு மோப்பம் பிடித்து, யார் தொட்டது என்று கண்டுபிடிக்க.

கோமதி: ஊறுகாய் ஜாடியா?

பரமசிவம்: ஏறக்குறைய அதுதான். அந்த ஊரில் பழம், காய் எல்லாம் பதப்படுத்தி வைப்பார்களே, அந்த ஜாடி.

கோமதி: ஒரு நாடே சேர்ந்து ஜாடியைக் காற்றுப் புகாமல் மூடியிருக்கிறது. இந்த வீட்டில் ஒருத்தருக்குக் காபித்தூள் டப்பாவை மூடத் தெரியவில்லை.

பரமசிவம்: எழுதி வைத்த கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர். இங்கிருந்து வரிசையாக அடுக்கினால் கன்னியாகுமரி தாண்டிக் கடலுக்குள் போய்விடும். ஆட்சி ஆட்டம் கண்டதும் கோப்புகளை அழிக்கப் பார்த்தார்கள். வெட்டுகிற மெஷினெல்லாம் சூடேறிப் படுத்துவிட்டது. அதற்கப்புறம் கையாலேயே கிழித்தார்கள். கிழித்ததைக் கொட்டி எரிப்பதற்குள் ஜனங்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். சுமார் 16,000 மூட்டை! ஆட்களை உட்காரவைத்துத் துண்டு துண்டாகப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள், பல வருஷமாக.

கோமதி: (மூலையில் இருக்கும் வெட்டுத் துணி மூட்டையை ஒரு பார்வை பார்த்து) ஓஹோ.

பரமசிவம்: இப்போது குடும்பத்துக்கு வருகிறேன். வேரா வோலன்பெர்கர் என்று ஒரு பெண். ஆட்சியை எதிர்த்தவள். 1988 ஜனவரியில் ஒரு ஊர்வலத்துக்குப் போனவளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், அப்புறம் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். இங்கிலாந்து போனாள். திரும்பி வந்த நாள் 1989 நவம்பர் 9. அன்றைக்கு ராத்திரிதான் பெர்லின் சுவர் திறந்தது.

கோமதி: நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

பரமசிவம்: இரு. 1992 ஜனவரியில், அவரவர் கோப்பை அவரவர் வந்து படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இவள் விஷயமும் வெளியே வந்தது. இவளைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் ஒருத்தனுக்கு 'டொனால்ட்' என்று புனைபெயர். யார் அந்த டொனால்ட்?

கோமதி: புருஷன்.

பரமசிவம்: (ஏமாற்றத்தோடு) நீயே சொல்லிவிட்டாயே.

(மெஷின் நின்றுவிட்டது. கோமதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடி துடைத்தால் பக்கத்து வீட்டுப் பூனைகூட மதிலிலிருந்து இறங்கிப் போய்விடும்.)

கோமதி: இன்றைக்கு மத்தியானம் அத்தை போன் பண்ணினார்கள்.

பரமசிவம்: அம்மாவா? நல்லா இருக்கிறார்களாமா?

கோமதி: நல்லா இருக்கிறார்கள். புது மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள்.

பரமசிவம்: ...

கோமதி: சீட்டுப் பணத்தில் இந்த மெஷினுக்கு மோட்டார் போட்டது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நான்.

பரமசிவம்: பையன் சொல்லியிருப்பான்.

கோமதி: அவன் மோட்டார் வருவதற்கு முந்தின நாளே என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை நான் வெண்டைக்காயை நறுக்கிவிட்டுக் கழுவினேனாம். அதையும் கேட்டார்கள். 'நறுக்கிவிட்டுக் கழுவினால் வழவழ என்று போய்விடாதா, கோமதி?' ஏங்க, திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்த வீட்டு வெண்டைக்காய் எப்படித் தெரியும்? கூரைக்கு மேல் ட்ரோன் சுற்றுகிறதா?

பரமசிவம்: அம்மா கேட்கும்போது என்ன செய்வது? பேச்சுவாக்கில் வருகிறதுதான்.

கோமதி: தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பேச்சுவாக்கு. கூலி எவ்வளவு?

பரமசிவம்: கூலியா! பெற்ற தாயிடம் பேசக் கூலி வாங்குகிறவனா நான்?

கோமதி: மாசம் ஒரு டப்பா முந்திரிக்கொத்து வருகிறதே, அது எந்தக் கணக்கு?

(பரமசிவம் டப்பா இருக்கும் அலமாரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படும் பாட்டிலேயே டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.)

பரமசிவம்: வேரா கடைசியில் அவரை மன்னித்துவிட்டாள், தெரியுமா?

கோமதி: எப்போது?

பரமசிவம்: (மெல்ல) விவாகரத்துக்குப் பல வருஷம் கழித்து.

கோமதி: அவன் கடிதாசி கிடிதாசி எழுதினானா?

பரமசிவம்: எழுதிக் கேட்டிருக்கிறார்.

கோமதி: நீங்கள் எழுதுகிறது எனக்குத் தெரியும். (மெஷின் இழுப்பறையைத் திறந்து, பாபின்களுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுக்கிறாள். தாள் முழுக்கச் செலோடேப்.)

பரமசிவம்: அது... நான் கிழித்துப் போட்டது!

கோமதி: வெட்டுத் துணி மூட்டையில் போட்டீர்கள். மூட்டை என்னுடையது.

பரமசிவம்: அதை எடுத்து ஒட்டினாயா?

கோமதி: பதினாறு துண்டு. கை, முதுகு, பட்டி என்று நாளெல்லாம் துண்டுகளைச் சேர்க்கிறவளுக்கு இது ஒரு வேலையா? அந்த ஜெர்மனிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது. (படிக்கிறாள்) "மாபெரும் தலைவர், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியின் மேல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். பல்லிடுக்கில் குண்டூசி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லாரும் சொல்லிவிட்டார்கள்."

பரமசிவம்: அது முழுக்கக் கற்பனை.

கோமதி: ஒரு நாட்டை ஆள்கிறவர் எதற்குப் பல்லிடுக்கில் குண்டூசி வைத்திருக்கிறார்?

பரமசிவம்: கற்பனைதானே... ஒரு இதுக்காக...

கோமதி: நன்றாகத்தான் இருக்கிறது. இதைக் கிழித்து மூட்டையில் போட்டுவிட்டு, அங்கே ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பரமசிவம்: (நம்பமுடியாமல்) நிஜமாக நன்றாக இருக்கிறதா?

(செல்போன் அடிக்கிறது. மணி ஒன்பதரை. திரையில் 'அம்மா'. இரண்டு பேரும் அதையே பார்க்கிறார்கள்.)

கோமதி: எடுங்கள், டொனால்ட். ஸ்பீக்கரில் போடுங்கள்.

பரமசிவம்: (போட்டு) அம்மா...

போனில் குரல்: சாப்பிட்டாயா ஐயா? என்ன குழம்பு?

பரமசிவம்: புளிக்குழம்புதான்மா.

போனில் குரல்: நேற்றும் அதுதானே. சுண்டவைத்ததா, புதிதாக வைத்ததா? சரி, அவள் பக்கத்தில் இருக்கிறாளா?

(பரமசிவம் கோமதியைப் பார்க்கிறார். கோமதி இல்லை என்று தலையாட்டுகிறாள். ஒரு பிரவுன் தாளை மெஷின் மேல் விரிக்கிறாள்.)

பரமசிவம்: இல்லைம்மா. மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள்.

போனில் குரல்: நல்லதாய்ப் போயிற்று. அப்படியானால் ஒன்று சொல்கிறேன், கேள். யாரிடமும் சொல்லாதே.

(கோமதி டெய்லர் சாக்கட்டியின் முனையை நகத்தால் கூராக்கி, தாளின் மேல் மூலையில் தேதி போடுகிறாள்.)