ஒரே குழுவில் கட்டிப்போட்ட கார்டு

சத்துவாச்சாரி மாடி அறையில், வேலூர் வெயிலில், ஒரு வாரமாகப் போராடுகிறேன். லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியாக (விர்ச்சுவல் மெஷின்) ஓடும் விண்டோஸிடம் கிராபிக்ஸ் கார்டை ஒப்படைக்க வேண்டும்; விளையாட வேண்டும்; அவ்வளவுதான். அதற்காக, எந்தச் சாதனம் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை பயாஸில் இயக்கியாகிவிட்டது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காக்க முடியாத சாதனங்கள் ஒரே குழுவாக வரும். ஆனால் என் மதர்போர்டு, கார்டையும் யுஎஸ்பி கன்ட்ரோலரையும் ஒரே குழுவில் போட்டிருக்கிறது. கொடுத்தால் முழுக் குழுவையும் கொடுக்க வேண்டும். கார்டு போனால் கீபோர்டும் மவுஸும் கூடவே போய்விடுகின்றன!

பெட்டியின் மேல் பளபள விளக்குகளைப் பற்றியெல்லாம் அச்சிடுகிறார்கள். எந்தச் சாதனம் எந்தக் குழுவில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் ஏன் அச்சிடுவதில்லை? பணம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, திருகாணி முடுக்கிய பிறகுதான் தெரிகிறது. லினக்ஸின் மையமான கர்னலில் ஏசிஎஸ் பேட்ச் என்ற திருத்தத்தைப் போட்டுக் குழுவைப் பிரிக்கலாம்; ஆனால் சாதனங்களுக்கு இடையே இருக்கும் பாதுகாப்பு அதனால் தளர்ந்துவிடும். வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் இதே கணினியில்தான் இருக்கிறது. எப்படித் துணிவது?