டெல்லிக்கு கொரோனாவைக் கொண்டுவந்தது யார்?

'வடகிழக்குக்காரர்கள் வழியாகத்தான் டெல்லிக்குள் கொரோனா நுழைந்தது, அதனால்தான் 2020-இல் மக்கள் அவர்களை ஒதுக்கினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தேதிகளைப் பாருங்கள் சார். இந்தியாவின் முதல் தொற்று ஜனவரி 30, கேரளாவில். வூஹானிலிருந்து திரும்பிய மாணவி. டெல்லியின் முதல் தொற்று மார்ச் 2, இத்தாலி போய் வந்தவருக்கு. வடகிழக்கு மாநிலங்களில் முதல் தொற்று மார்ச் 24-இல்தான், மணிப்பூரில். அதுவும் பிரிட்டனிலிருந்து திரும்பியவருக்கு.

அதற்கு இரண்டு நாள் முன்பே வடக்கு டெல்லியில், விஜய் நகர் பக்கம், மணிப்பூர்ப் பெண் ஒருவர் மீது ஒருவன் பான் எச்சிலைத் துப்பி 'கொரோனா' என்று கத்தினான். போலீஸ் வழக்குப் போட்டது. அந்த மாதமே உள்துறை அமைச்சகம், இப்படித் தொல்லை தருவோர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தப் பெண் சீனா பக்கம் போனாரா இல்லையா என்பதெல்லாம் துப்பியவனுக்குத் தேவையில்லை, முகச்சாடை போதும். இத்தாலிக்காக யாரும் பீட்சா கடையை முறைத்ததாக நினைவில்லை!

நோய் ஏறி வந்தது விமானத்தில். பயம்தான் காரணம் என்றால், ஐரோப்பா போய் வந்த எல்லோரையும் அல்லவா அப்படித் துரத்தியிருக்க வேண்டும்? டெல்லி கரோல் பாக்கில் நம்மையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்கள் உண்டே, உங்களுக்குத் தெரியாததா?