சித்தப்பா அறுத்த வலை

காட்டு உயிர்களோடு ஏற்படும் நெருக்கமும் அதையொட்டிய சடங்கும் மனக்காயத்தை ஆற்றும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நான் ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம். அப்பா தவறியபோது அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, பிண்டம் கரைத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தோம். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து சித்தப்பாவோடு கடலுக்குப் போனேன். வலையில் ஆவுளியா, அதாவது கடல்பசு. கடல்புல் மேய்கிற சாதுப் பிராணி. மூச்சு வாங்க மேலே வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வலையிலேயே செத்துவிடும். வலை என்ன விலை என்று எனக்குத் தெரியும். சித்தப்பா யோசிக்காமல் அறுத்துவிட்டார். ஆவுளியா கொஞ்ச தூரம் தள்ளி மேலே வந்து ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், அப்போதுதான் அழுதேன்.

சரி, இதைக் கேட்டுவிட்டு ‘தொட்டுப் பார்க்கலாம்’ என்று யாரும் படகுச் சவாரி தொடங்கிவிட வேண்டாம். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல். எங்கள் கரை அதில் இல்லை.

அப்புறம், அக்னி தீர்த்தத்தில் முழுகியதும் உடுத்தியிருந்த துணியைக் கடலில் விடுகிறார்களே, கடலைக் குப்பையாக்காமல் அதைக் கரையிலேயே போட்டால் எந்த அப்பாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.