ஏழு போர்வையும் ஒரு கிரைண்டரும்

"மழைக்கே இன்னும் மூணு வாரம் கெடக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று, வெள்ள நிவாரண நிதியிலிருந்து முன்னேற்பாட்டுக்குப் பணம் கேட்ட எங்களைப் பார்த்து நேற்றைய கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாரே அண்ணாச்சி, அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே. எங்கள் பம்பாய் தாராவி ஆட்களுக்கு விஷயம் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கேட்டது 40 ஆயிரத்துக்குள் அடங்குகிற சமாச்சாரம். கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி இரண்டு, கயிறு, டார்ச், குளோரின் மாத்திரை, ரேஷன் கார்டையும் ஆதாரையும் நனையாமல் வைக்க பிளாஸ்டிக் கவர். அப்புறம் ஒரு பட்டியல்: நம் நான்கு சந்துகளில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார், நிறைமாதக்காரி யார், டயாலிசிஸ் போகிறவர் யார், தண்ணீர் ஏறினால் யாரை யார் போய்த் தூக்குவது. வெள்ள நிவாரணத்துக்கு என்று வசூலித்த நிதியிலிருந்துதான் கேட்டோம். "வெள்ளம் வந்தாத்தானேம்மா நிவாரணம்" என்று சிரித்தார்கள். சிரித்த கையோடு 200 போர்வைக்கு ஆர்டர் போட்டார்கள். போர்வை மட்டும் வெள்ளத்துக்கு முன்னாடியே வரலாம் போல.

2005 ஜூலை 26. பம்பாய்ப் புறநகர் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94.4 செ.மீ. மழை. அதே நாளில் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் 7 செ.மீ. சொச்சம்தான். எனக்கு 17 வயது. அப்பா இட்லி வியாபாரி, விடியும் முன்னே சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர். மித்தி ஆறும் கடல் ஏற்றமும் சேர்ந்து நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்த் தண்ணீரைத் திருப்பி எங்கள் கோலிக்குள்ளேயே, அந்த ஒற்றை அறை வீட்டுக்குள்ளேயே, அனுப்பின. எல்லாரும் மாளாவில், அதாவது மேல் பரணில், ஏறிய பிறகுதான், பக்கத்துக் கோலியில் கால் விளங்காத பாட்டி ஒருத்தி இருக்கிறாள் என்பதே எங்களுக்கு நினைவு வந்தது. அவள் மரக்கட்டில் மிதந்ததால் பிழைத்தாள். இதைத்தான் பட்டியல் என்கிறேன் அண்ணாச்சி. எப்போதும் கட்டில் மிதக்காது.

தண்ணீர் வடிந்ததும் போர்வை வர ஆரம்பித்தது. பத்து நாளில் ஏழு போர்வை. பம்பாய் ஜூலைப் புழுக்கத்தில்! ஒரு இடத்தில் "போட்டோ சரியா விழல, இன்னொரு தடவை வாங்கிக்கோங்க" என்று சொல்லி அம்மா கையிலிருந்து பிடுங்கி மறுபடி கொடுத்தார்கள். ஆக, ஏழு போர்வைக்கு எட்டு போட்டோ. அம்மா அந்த எட்டாவதில் சிரித்துக்கொண்டு நின்றாள். ஏன் சிரித்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது கிரைண்டர். மோட்டாருக்குள் சேறு, மூன்று மூட்டை அரிசி நாறிப்போயிற்று. கிரைண்டர் ஓடினால் இட்லி, இட்லி ஓடினால் வீடு. அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் சந்துப் பெண்கள் சீட்டுப் பணத்தை வட்டியில்லாமல் தூக்கிக் கொடுத்தார்கள். அப்பா தெருவில் இறங்கினார். மீண்டு வருவது என்றால் இதுதான். போர்வை போர்த்திக்கொண்டு யாரும் மீண்டு வரவில்லை.

"இதெல்லாம் மாநகராட்சி, பிஎம்சி செய்ய வேண்டியது" என்பீர்கள். செய்யட்டுமே, யார் வேண்டாம் என்றது? கடல் ஏற்ற நாட்களை மழைக்கு முன்பே வெளியிடத்தான் செய்கிறார்கள். அதைச் சந்துக்குள் யார் சொல்வது? புதுச்சேரி நல்லவாட்டில், மீனவர்களுக்கு அலை உயரத்தைப் படித்துக் காட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை முன்பே ஸ்பீக்கர் வைத்திருந்தது. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, அந்த ஸ்பீக்கரில்தான் கூவினார்கள். ஊர் ஓடித் தப்பித்தது. சுனாமி வந்த பிறகு ஸ்பீக்கர் வாங்கலாம் என்று யாராவது சிரித்திருந்தால்? தண்ணீருக்கு முன்னால், அண்ணாச்சி. தண்ணீருக்கு முன்னால்.

"நன்கொடை கொடுப்பவர் போட்டோ கேட்கிறார், கயிற்றைக் காட்டினால் பணம் வருமா?" இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கயிறு மேடையில் அழகாக இருக்காதுதான்.

"ஊருக்குச் செய்தோமே" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். ஆமாம், செய்தோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம் பம்பாய் மழைக்குக் கொஞ்சமும் குறைவில்லை. தாமிரபரணி ஏறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது. இங்கிருந்து லாரி போனது. நானும்தான் மடித்து ஏற்றினேன், அதனால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பாதி கிழிந்த துணி, ஒரு மூட்டையில் கோட்டு சூட்டு. ஏரல் பக்கம் இருக்கும் என் அத்தை போனில் சொன்னாள்: "ஏட்டி, துணி கெடக்கட்டும். ஆடு அத்தனையும் போச்சே." ஆட்டுக்கு நாம் என்ன அனுப்பினோம்?

"நீ என்ன கிழித்தாய்?" என்பது அடுத்த கேள்வி. இது பெண்ணைப் பார்த்து மட்டும் வரும் கேள்வி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியிலிருந்து நானும் மூன்று பேரும் கோலி கோலியாகப் போய் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறோம். குடிசைக்காரன் தன்னைத் தானே எண்ணி வைத்தால்தான் அதிகாரியிடம் பேச முடியும் என்று காட்டியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த நம் ஜாக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது வாங்கியவர். அவர் படத்தை நேற்றைய மேடையில் மாட்டியிருந்தீர்கள், மாலையும் போட்டீர்கள். படத்துக்குக் கீழே வைத்த எங்கள் நோட்டை ஒருவரும் பிரிக்கவில்லை. திரும்ப எடுக்கும்போது அதன் மேல் டீ கிளாஸ் இருந்தது. அந்த வட்டம் அட்டையில் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் போட்டோ போடுகிறேன்.

சரி, விடுங்கள். சீட்டுக் குழுவில் இன்று காலை பேசியாயிற்று. ஒரு ஒலிபெருக்கிக்குப் பணம் சேர்ந்துவிட்டது, நாளை லோகர் சால் கடைத்தெருவுக்குப் போய் வாங்குகிறோம்.

அண்ணாச்சி, அந்த ஏழில் ஒன்று மாளாவில் இன்னும் கவர் பிரிக்காமலே கிடக்கிறது. ஆர்டரில் எண்ணிக்கை குறைந்தால் சொல்லி அனுப்புங்கள்.